நடுமுள் உடைந்த பாரையும் நாற்பத்து மூன்று பொலிஸ் படைகளும்

கோணேசபுரி வளாகத்தில் பிரயோக பௌதிகமும் இலத்திரனியலும் படிக்கும் மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது: "இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 43 பொலிஸ் படைகளும் சேர்ந்து ஒரு தலைமை விஞ்ஞான ஆலோசகரை வைத்திருக்கின்றன என்று வாசித்தேன். இலங்கையில் இருப்பது ஒரே ஒரு பொலிஸ். படைகளுக்கிடையே ஒத்துழைத்து விஞ்ஞானத்தை வளர்ப்பது என்ற பேச்சுக்கு இங்கே இடம் இருக்கிறதா? திருகோணமலையில் இருந்துகொண்டு என்னைப் போன்ற ஒருவர் என்ன செய்யலாம்?"

பிள்ளை, நல்ல கேள்வி. இடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. நான் விலங்கியல் படித்து, மீன் சம்பந்தப்பட்ட அரச வேலையில் காலத்தைக் கழித்தவன். பொலிஸ் உத்தியோகம் பார்த்ததில்லை. பொலிஸாருக்கும் நீதிமன்றத்துக்கும் அறிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன், சாட்சிக் கூண்டில் ஏறி நின்றிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு மீனைப் பாருங்கள். விடியற்காலையில் கரைக்கு வந்த பாரை. கண் பளபளவென்று இருக்கிறது. செதில் உரியவில்லை. தூண்டில் குத்திய காயமும் இல்லை, வலை இறுகிய தழும்பும் இல்லை. கையில் தூக்கினால்தான் ஏதோ சரியில்லை என்று படும். விறைத்து நிற்க வேண்டிய மீன் நடுவில் தொய்ந்து விழுகிறது. செவுள் ஓரத்தில் இரத்தக் கசிவு. வயிற்றைக் கீறித் திறந்தால் காற்றுப்பை கிழிந்து கிடக்கிறது. அதற்கு மேலே, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் சிறுநீரகத்திலிருந்து இரத்தம் பரவிக் கறுத்துப் போயிருக்கிறது. விலா முள்ளுகள் சதையை விட்டுக் கழன்று நிற்கின்றன. நடுமுள்ளை விரலால் தடவிக்கொண்டு போனால் ஓரிடத்தில் பட்டென்று முறிவு தட்டுப்படுகிறது.

நீங்கள் பௌதிகம் படிப்பவர், காரணம் உடனே பிடிபட்டிருக்கும். நீருக்குள் வெடி வெடித்தால் அமுக்க அலை மீனின் சதை வழியாகச் சிரமமில்லாமல் கடந்து போகும், ஏனென்றால் சதையும் கிட்டத்தட்டத் தண்ணீர்தான். காற்று நிறைந்த பைக்கு வந்ததும் நிலைமை வேறு. பை ஒரு கணத்தில் சுருங்கி விரிந்து கிழியும், பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து உடைக்கும். காற்றுப்பை இல்லாத சுறா போன்றவை அதே வெடியில் ஓரளவு தப்புவதும் இதனால்தான்.

இந்தக் கரையில் இதெல்லாம் புதினமில்லை. சந்தையில் மீன் வாங்க வரும் ஆச்சியே தொட்டுப் பார்த்துவிட்டு "இது டைனமைட் மீன், வேண்டாம்" என்று சொல்லிவிடுவார். வெடிபொருள் கொண்டு மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் தடுத்திருக்கிறது. ஆனால் ஆச்சியின் விரல் அறிந்ததை நீதவான் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் கேட்பது இரண்டு கேள்வி. இந்த மீன் வெடியால்தான் செத்தது என்பதற்கு என்ன ஆதாரம்? சரி, இது அந்தப் படகில் இருந்து எடுத்த மீன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

இரண்டாவது கேள்வியில்தான் நான் ஒரு முறை தோற்றேன். கடலில் படகைப் பிடித்தவர்கள் ஒரு தரப்பு, கரையில் பொறுப்பேற்றவர்கள் இன்னொரு தரப்பு, மாதிரி எடுக்க வேண்டியவர்கள் மூன்றாம் தரப்பு. எல்லோரும் வேலை தெரிந்தவர்கள்தான். மீன் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் ஐஸ் போட்டு ஒரு அலுவலகத்துக்கு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை நான் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் எல்லாம் உருகி, கலங்கிய தண்ணீரில் மீன் மிதந்துகொண்டிருந்தது. வயிறு வெடித்திருந்தது. வெடியால் வெடித்ததா, அழுகி வெடித்ததா என்று இனிச் சொல்ல வழியில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த துண்டில் திகதி இருந்தது, நேரம் இல்லை. யார் யாரிடம் கொடுத்தார் என்ற கையொப்பம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருந்தது. வழக்கு நிற்கவில்லை. நிற்காதது நியாயம்தான், அந்த நிலையில் உள்ள ஒரு பெட்டியை நம்பி யாரையும் தண்டிக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த கவலை இன்றுவரை போகவில்லை. நமக்கு விஞ்ஞானம் தெரிந்திருந்தது. அதை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குக் கொண்டுபோகத்தான் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். பெயருக்கு நமக்கு ஒரு பொலிஸ்தான். ஆனால் திருகோணமலைக் கடலில் ஒரு குற்றம் நடந்தால் அதைத் தொடுகின்ற கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடற்படை, கரையோரக் காவற்படை, பொலிஸ், கடற்றொழில் பரிசோதகர், சில நேரம் விசேட அதிரடிப்படை. போதைப்பொருள் என்றால் சுங்கமும் மதுவரித் திணைக்களமும் சேரும். ஆள் இறந்திருந்தால் சட்ட வைத்திய அதிகாரி. ஒவ்வொருவருக்கும் தனிப் படிவம், தனிப் பதிவேடு. மொழியும் மாறும். முறைப்பாடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும், விஞ்ஞான அறிக்கை ஆங்கிலத்தில் வரும், விசாரணை தமிழில் நடக்கும். இரசாயனப் பரிசோதனைக்குப் போகும் பொதி இங்கிருந்து பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குச் சுமார் 260 கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டும். ஆக, படைகளுக்கிடையே ஒத்துழைப்பு என்ற தலையிடி நமக்கும் உண்டு. அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரர் இந்தப் பாடத்தைப் படித்த விதம் கொடுமையானது. 1975 முதல் 1980 வரை யோர்க்‌ஷயர் பகுதியிலும் மான்செஸ்டரிலும் 13 பெண்களைக் கொன்றவர் பீற்றர் சட்கிளிஃப். பிடிபடுவதற்கு முன் பொலிஸார் அவரை 9 தடவை விசாரித்திருந்தார்கள். ஒன்பது! தகவல் இல்லாமல் போகவில்லை. காகித அட்டைகளில் மலை மலையாக இருந்தது. ஒரு அட்டையில் இருந்ததை இன்னொரு அட்டையோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை. அதற்கிடையில் யாரோ ஒருவர் கொலைகாரன் போலப் பேசி அனுப்பிய ஒலிநாடாவை உண்மையென்று நம்பி, அதில் கேட்ட சண்டர்லாந்து ஊர் உச்சரிப்பு இல்லாதவர்களைத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் 1981 ஜனவரியில், அந்த விசாரணையோடு சம்பந்தமே இல்லாத தெற்கு யோர்க்‌ஷயர் பொலிஸார் காரின் இலக்கத்தகடு போலி என்று பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாப் படைகளும் ஒரே முறையில் பெரிய விசாரணைகளின் தகவலைக் கணினியில் பதியும் ஹோம்ஸ் என்ற ஏற்பாடு வந்தது. ஒலிநாடா அனுப்பியவரையும் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அவர் அனுப்பியிருந்த கடிதத்தின் உறையில் இருந்த உமிழ்நீரின் மரபணு காட்டிக் கொடுத்தது, 2006இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது.

நீங்கள் வாசித்த தலைமை விஞ்ஞான ஆலோசகர் பதவி 2021இல் வந்தது. முதலில் நியமிக்கப்பட்டவர் லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் போல் டெய்லர். அந்தப் பதவியில் எனக்குப் பிடித்த விஷயம், அவர் வெளியிலிருந்து வந்தவர், தனியொரு படைக்கு ஆள் இல்லை என்பது. ஒரு படை ஒரு புதுக் கருவியைச் சோதித்து அது சரிவரவில்லை என்று கண்டால், மற்ற 42 படைகளும் அதே பணத்தைத் திரும்பச் செலவழிக்காமல் இருக்க வேண்டும். தோற்றுப்போன பரிசோதனையையும் பகிர்ந்துகொள்ள ஒரு இடம் வேண்டும். நம்மிடம் இல்லாதது முக்கியமாக அதுதான். என் ஐஸ் பெட்டிக் கதை எந்த அறிக்கையிலும் இல்லை. அடுத்த மாவட்டத்தில் அதே தவறை வேறொருவர் செய்திருப்பார், அவரும் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டார்.

ஒரே பொலிஸ் உள்ள நாட்டுக்கு ஸ்கொட்லாந்து இன்னும் கிட்டிய உதாரணம். அங்கே 8 படைகளை 2013 ஏப்ரலில் ஒன்றாக்கினார்கள். ஆனால் பொலிஸும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆய்வு செய்யும் நிறுவனம் 2007இலேயே தொடங்கிவிட்டது, படைகள் ஒன்றான பிறகும் தொடர்ந்து நடக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே தடயவியல் ஆய்வுகூடங்கள் பொலிஸின் கட்டளைக்குக் கீழ் இல்லை, தனி அதிகார சபையின் கீழ் இருக்கின்றன. பிடிப்பவரும் பரிசோதிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதற்காக. நமது அரச பகுப்பாய்வாளர் திணைக்களமும் பொலிஸிலிருந்து தனியானதுதான். இது நமக்குக் கிடைத்த நல்ல அத்திவாரம். ஒத்துழைப்பு என்ற பெயரில் அதைக் கரைத்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் நம் ஊரின் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த நகரத்துக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்துவிட்டது என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை ஊடகவியலாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் கொல்லப்பட்டார். 2019 ஜூலையில், குற்றம் சாட்டப்பட்ட 13 பேரையும் போதிய ஆதாரம் இல்லை என்று இங்குள்ள நீதிமன்றம் விடுவித்தது. பிறகு மூதூர். 2006 ஆகஸ்டில் அங்கே 17 தொண்டுப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். உடல்களைத் தோண்டி எடுத்துப் பரிசோதித்தபோது ஆஸ்திரேலியத் தடயவியல் மருத்துவர் மால்கம் டொட் உடன் இருந்தார். ஒரு உடலில் கிடைத்த தோட்டா 5.56 மில்லிமீற்றர் வகை என்று அவர் எழுதினார். அரச பகுப்பாய்வாளரின் முடிவு 7.62. பின்னர் டொட் தன் கருத்தை மாற்றிக்கொண்டார், அதன் மேல் பெரிய சர்ச்சை எழுந்தது. எது சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு தோட்டாவின் விட்டத்தை ஒரு அளவுகோல் சில நொடியில் சொல்லிவிடும். எடுத்த இடத்திலேயே, இரண்டு தரப்பும் பார்த்திருக்க, அளந்து, அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து, இருவரும் கையொப்பம் போட்டிருந்தால் அந்தச் சர்ச்சைக்கே இடம் வந்திராது. வெளிநாட்டு நிபுணர் வந்து நிற்பது மட்டும் ஒத்துழைப்பு ஆகிவிடாது. இந்த ஊரில் ஒரு தாய் பொலிஸ் சொல்லும் விஞ்ஞானத்தை நம்பத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதை விஞ்ஞானம் படித்தவர்கள் மறக்கக் கூடாது.

நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. மரபணு அடையாளத்தை லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டுபிடித்தார். பக்கத்து ஊரில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டிருந்தார்கள். ஒரு கொலையைச் செய்ததாக 17 வயதுப் பையன் ஒருவன் ஒப்புக்கொண்டும் விட்டான். பொலிஸார் ஜெஃப்ரிஸிடம் போனது அவன்தான் இரண்டையும் செய்தான் என்று உறுதிப்படுத்த. முடிவு தலைகீழாக வந்தது: இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஆனால் அந்தப் பையன் இல்லை. குற்ற வழக்கில் மரபணு முதன்முதலில் செய்த வேலை ஒரு நிரபராதியைக் காப்பாற்றியது. பொலிஸ் அந்த முடிவை ஏற்றுக்கொண்டு, 5,000க்கு மேற்பட்ட ஆண்களின் மாதிரிகளை எடுத்து, 1987இல் உண்மையான ஆளைப் பிடித்தது. தாங்கள் பிடித்து வைத்திருந்த ஆள் இல்லை என்று ஒரு விஞ்ஞானி சொன்னதைக் கேட்கும் மனம் இருந்ததே, நான் மெச்சுவது அதைத்தான்.

நம் பக்கத்திலும் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு கைக்குழந்தையின் பெற்றோர் யார் என்ற கேள்வியை 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை தீர்த்து வைத்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் இறந்தோர் தொகை முதலில் 359 என்று அறிவிக்கப்பட்டது. பிரேத பரிசோதனைகள் முடிந்த பிறகு அது 253 என்று திருத்தப்பட்டது, சிதைந்த உடல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எண்ணப்பட்டிருந்தன. நூற்றுக்கு மேற்பட்ட வித்தியாசம். பொறுமையாக உட்கார்ந்து உடல் உடலாகப் பார்த்த வைத்தியர்கள் இல்லாவிட்டால் அந்தப் பிழை அப்படியே வரலாற்றில் நின்றிருக்கும்.

புதுமை என்றால் பெரிய நகரத்தில், பெரிய ஆட்களிடம் பிறப்பது என்று நினைக்காதீர்கள். கைரேகையை வகைப்படுத்தித் தேடும் முறையை உலகம் ஹென்றி முறை என்று சொல்கிறது. அதற்கான கணக்கைப் போட்டவர்கள் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றிக்குக் கீழ் வேலை செய்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு பொலிஸ் உத்தியோகத்தர்கள். பத்து விரல் ரேகைகளை 32 வரிசை, 32 நிரல், மொத்தம் 1,024 மாடங்களில் பிரித்து வைக்கலாம் என்று கண்டவர் ஹக். 1897இல் கல்கத்தாவில் நடைமுறைக்கு வந்தது, 1901இல்தான் லண்டனுக்குப் போனது.

இனி உங்களுக்கு வருவோம். உங்கள் துறை பௌதிகமும் இலத்திரனியலும். அமெரிக்க நகரங்களில் துப்பாக்கிச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ஷொட்ஸ்பொட்டர் என்ற ஏற்பாட்டைப் பொலிஸ் பயன்படுத்துகிறது. பல ஒலிவாங்கிகளுக்குச் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணிப்பது. அதையே நீருக்கடியில் வைத்து, மலேசியாவின் சபா கடலில் மீன் வெடி எங்கே வெடிக்கிறது என்று கண்டுபிடிக்கும் முயற்சி நடந்தது. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீற்றர், கடல்நீரில் சுமார் 1,500. தண்ணீர் சத்தத்தைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் கடலில் அது நெடுந்தூரமும் போகும். திருகோணமலைக் குடாவின் ஆழமும், கப்பல் இயந்திரச் சத்தமும், பாறைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கணக்கைச் சிக்கலாக்கும். அந்தச் சிக்கலைத் தீர்ப்பதே நல்ல ஆய்வு. ஆனால் கடற்படையின் அனுமதி இல்லாமல் இந்தத் துறைமுகத்தில் எதையும் கடலில் இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. உங்கள் இறுதியாண்டுக்குள் அது சரிவராது என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் சின்னதாகத் தொடங்குங்கள் என்பேன். என் வழக்கைத் தோற்கடித்தது ஒரு ரெஜிபோம் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் ஒரு வெப்பநிலை உணரியும், பெட்டி திறந்த நேரத்தை எல்லாம் பதியும் ஒரு சின்னச் சுற்றும் வையுங்கள். மின்கலத்தில் நான்கு நாள் ஓட வேண்டும். ஈரத்துக்கும் உப்புக்கும் தாங்க வேண்டும். விலை ஒரு கான்ஸ்டபிள் தயங்காமல் கையில் எடுக்கும் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மூன்று மொழியிலும் அச்சடித்த ஒரே படிவம் மூடியில் ஒட்டியிருக்க வேண்டும்: யார் கொடுத்தார், யார் எடுத்தார், எத்தனை மணிக்கு. கூடவே ஒரு கேள்விக்கும் விடை தேடுங்கள். நம் ஊர் வெயிலில், எவ்வளவு ஐஸுக்கு, எத்தனை மணித்தியாலம் வரை காற்றுப்பையின் கிழிசலை அழுகலிலிருந்து பிரித்தறியலாம்? ஆழ்குளிரில் உறைய வைத்தால் பனிப் படிகங்கள் இழையங்களைக் குத்திக் கிழிக்கும், நுணுக்குக்காட்டியில் பார்க்க எதுவும் மிஞ்சாது, அதனால் உறையவிடாமல் ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். இந்த எண்கள் கையில் இருந்தால் கடற்படைக்கும் பொலிஸுக்கும் கடற்றொழில் அலுவலகத்துக்கும் ஒரே தாளைக் கொடுக்கலாம். அந்தத் தாளைச் சுற்றி மூன்று தரப்பும் ஒரு மேசையில் உட்காரும். அதற்குப் பிறகு ஒலிவாங்கியைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள்.

மீன் வெட்டும் பகுதியை நான் சொல்லித் தருகிறேன். நல்ல மீனையும் வெடி மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்த்தால் ஒரு காலைப்பொழுதில் பழகிவிடும். கொட்பே துறைமுகத்துக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு வாருங்கள், உங்கள் விரிவுரையாளரையும் கூட்டி வாருங்கள். பெட்டி நான் கொண்டு வருகிறேன்.